தோணிக்காட்டுப் பேன்கள்

தோணிக்காட்டுப் பிள்ளைகளின் தலையில் இருந்த பேன்கள் பேசத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. உப்பளத்து வேலை முடிந்து, சோறு தின்று, ஏனம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெண்கள் எல்லோரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக ரயில் பெட்டி மாதிரி உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் தலையைப் பின்னால் இருப்பவள் பிரிக்க, எல்லோருக்கும் முன்னால் பிள்ளைகள் சிணுங்க, ஊர்க்கதையும் பேனும் சேர்ந்தே நசுங்கிக்கொண்டிருந்த மூன்று மணி வெயிலில், டீக்கடை உலகம்மாள் தன் மகள் அபிநிலாவின் தலையிலிருந்து எடுத்த ஒன்றைப் பெருவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். வழக்கமாக வரும் அந்தச் சின்னச் சத்தம் வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல, அபிநிலாவின் குரலே வந்தது: “கக்கூஸ்ல லைட்டு அணைஞ்சா நான் செத்துருவேன்.”

அபிநிலா வாயைத் திறக்கவில்லை. அவள் வாய் நிறைய முறுக்கு இருந்தது.

“அதுக்கு எதுக்குட்டி சாவணும், கதவத் தொறந்து வச்சிக்க வேண்டியதுதான?” என்றாள் உலகம்மாள். அடுத்த பேனை எடுத்தாள். அன்று சாயங்காலம் அவள் புருஷன் கக்கூஸுக்குப் புது பல்பு மாட்டினான். ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டது இன்சூரன்ஸ் பிடிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர்தான். அவருக்கு ஒரு காப்பி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

வரிசையில் எல்லோரும் சிரித்தபோது சந்தனமாரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முழங்கால்களுக்கு நடுவில் ஏழு வயது ரூபிகாவின் தலை இருந்தது. காதுக்குப் பின்னால் ஒன்று ஊர்ந்து வந்து, எடு எடு என்று சொல்வது போல விரல்நுனிக்கே வந்து நின்றது. அவள் முடியை அதன்மேல் மூடினாள். பின்னிக் கட்டினாள். “போதும், எந்திரி” என்று பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். 

அவள் பயந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், இரண்டாவதாகப் பிறந்தது மூன்றாம் நாளே போய்விட்டிருந்தது; மார்பில் பால் கட்டிக் கிடந்தது; புருஷன் சிவபெருமாள் லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான்; பதினோரு நாள் அவள் தூங்கவில்லை. பன்னிரண்டாம் நாள், பட்டப்பகலில், ஐந்து வயது ரூபிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாத்திகளைத் தாண்டி, உடைமரங்களைத் தாண்டி, நேராகக் கடலுக்குள் நடந்தாள். பிள்ளையின் இடுப்புக்குத் தண்ணீர் வந்தபோது பிள்ளை சொன்னது: “யம்மா, என் செருப்பு போயிட்டு.” அந்தச் சொல்லில்தான் சந்தனமாரிக்கு முழிப்பு வந்தது. குனிந்து மணலில் துழாவினாள், கிடைக்கவில்லை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். “கப்பல் பாக்கப் போனோம், கப்பல் வரல” என்று சொல்லிவைத்தாள். ரூபிகா அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்றாவது மனிதருக்கு இது தெரியாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்பது சந்தனமாரிக்கு அத்துப்படி. சிவபெருமாளின் அக்கா செண்பகம் அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்தாள். பிள்ளை இல்லாதவள், வாய் பெரியவள், கை அதைவிடப் பெரியது. ரூபிகாவுக்கென்று கட்டில் வாங்கி, மெத்தை போட்டு, கொசுவலையும் கட்டி வைத்திருந்தாள். “பிள்ளைய எங்கிட்ட விட்டுரு, நீ வேலைக்குப் போ” என்று வாரத்துக்கு இரண்டு தரம் சொல்வாள். ரூபிகாவின் பேன் ஒன்று செண்பகத்தின் காதுபட, ‘அம்மா என்னையக் கடல்ல கொண்டு போயிருவா’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே பிள்ளை அந்தக் கட்டிலில் படுக்கும். புருஷன் சரி என்பான். தெரு சரி என்னும். அதுதான் சரி என்று தனக்கே தோன்றிவிடுமோ என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

முதல் வாரம், அந்தந்தப் பிள்ளையின் பயத்தைப் பேன்கள் சொல்லச் சொல்ல, ஊர் சிரித்தே கழிந்தது. பல் விழுந்தால் முளைக்காது என்றது ஒரு பேன். பதினாறாம் வாய்ப்பாடு என்றது ஒன்று. கோயில் குதிரை தன்னை மட்டும் முறைக்கிறது என்றது ஒன்று; அந்தப் பிள்ளையின் தாய்மாமன் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குதிரையின் கண்ணைத் தொட வைத்தார், அடுத்த பேன் அதைப் பற்றிப் பேசவில்லை. என் மகனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த மாடத்தியின் மகன் தலையிலிருந்து முதல் பேனை நசுக்கியதும் அது சொன்னது, “எனக்கு எல்லாமே பயம்.” மாடத்தி அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பீற்றுவது குறைந்தது. நின்றது என்று சொன்னால் பொய்.

இரண்டாவது வாரம் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது. லோடுமேன் பரமசிவத்தின் மகள் தலைப் பேன், நாற்பது பெண்கள் கேட்க, “அப்பா பைக்கு வாசல்ல வந்து நிக்கும்போது எனக்கு வயிறு வலிக்கு” என்றது. பரமசிவத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. அவனும் மனிதன்தானே, தெருமுனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தான். நாலாம் நாள் அடுத்த பேன் சொன்னது, “இப்ப அப்பா வாரது காதுலயே விழ மாட்டக்கு.” அவன் குடியை விட்டானா என்றால் இல்லை, ஆனால் அன்றிலிருந்து பகலிலும் ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறான். மூன்றாம் வகுப்பு வாத்தியார் பெயர் பத்தொன்பது தலைகளிலிருந்து வந்தது. அவரே ஒருநாள் சாக்பீஸ் கையோடு தொட்டியடிக்கு வந்து நின்று, ஆறு பேன்கள் வரை கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாள் அவருடைய பிரம்பில் இந்தியப் படம் தொங்கியது.

ஆண்களுக்கு இது ஆகவில்லை. கூட்டம் போட்டார்கள். இனிமேல் பேன் பார்க்கிறவர்கள் அவரவர் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது பதினான்கு நாள் ஓடியது, அந்தப் பதினான்கு நாளும் தோணிக்காட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, ஏனென்றால் வீட்டுக்குள் பேன் பேசியதை யாரைப் பற்றிப் பேசியதோ அவர் மட்டுமே கேட்டார், கேட்கும்போது கதவு சாத்தியிருந்தது, அடுத்து வந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பதினைந்தாம் நாள் பெண்கள் யாரிடமும் சொல்லாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தொட்டி நிழலுக்கே வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்கமும் வந்தது. ஒரு பேன் பேசி முடித்ததும் வரிசை முழுக்க ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்கும். பிறகு பெற்றவளைத் தவிர வேறு யாராவது ஒருத்தி “கேட்டாச்சு” என்பாள். அதற்குப் பிறகுதான் அடுத்த பேன்.

தப்பிக்க வழி தேடியவர்களும் உண்டு. ஒருத்தி பேன்களின் வாயை அடைக்க மகள் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். பேன்கள் மொத்தமாகச் செத்து மொத்தமாகப் பேசின, ஒன்றும் விளங்கவில்லை, பிள்ளையின் பிடரி கொப்பளித்து அது கத்திய கத்தலில் வேறெதுவும் கேட்கவும் இல்லை. மொட்டை போட்டுப் பார்த்தார்கள்; சவரக்கத்தியிலும் பேசின. முடிதிருத்துகிற கணபதி இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டார். “நான் நாலு வீட்டுக்குப் போய்வாரவன், எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்யா” என்று கும்பிட்டுவிட்டார். எப்படிச் செத்தாலும் பேன் பேசியது. பெரியவர்கள் தலைப் பேன் பேசுமா என்று முதல் நாளே உலகம்மாள் தன்னுடையதில் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். அது வெறும் பேனாகத்தான் செத்தது. அதோடு பெரியவர்கள் தலையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். பிள்ளைகளைக் கேட்கவே நேரம் போதவில்லை.

சந்தனமாரி மட்டும் வேறொரு வழி கண்டுபிடித்தாள். கொல்லாமல் இருந்தால் பேசாது அல்லவா? சாயங்காலம் ஜன்னலைச் சாத்தி, சிவபெருமாள் வாங்கிக்கொடுத்த ரேடியோவைச் சத்தமாக வைத்து, ரூபிகாவின் தலையில் கைக்குக் கிடைத்தவற்றை நோகாமல் எடுத்து, பஞ்சு வைத்த மாத்திரை டப்பாவில் உயிரோடு போட்டு மூடுவாள். விடியும்போது வேலைக்குப் போகிற வழியில், உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் டப்பாவைக் கவிழ்ப்பாள். கவிழ்த்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். முதுகுக்குப் பின்னால், தண்ணீர்மேல், தன் மகளின் குரல் ஏதோ சொல்வது விரலிடுக்கில் கசியும். அவள் இன்னும் வேகமாக ஓடுவாள். ஐம்பத்திரண்டு நாள் இப்படி. ஒருநாள், ஒரே ஒருநாள், நின்று கேட்டிருக்கலாம். அக்கம்பக்கம் யாரும் இல்லை, கேட்டால் அவளுக்கும் கொக்குகளுக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். பயந்தவளுக்கு அந்த யோசனை வருமா?

அரையிருட்டில் பதறிப் பதறி எடுத்தால் பேன் ஒழியாது. எடுத்தது பத்து என்றால் விட்டது நாற்பது, அத்தனையும் ஈர் வைத்தன. ரூபிகா இரண்டு கையாலும் சொறிந்தாள். பிடரியில் புண் வந்து சீழ் கோத்தது. காதுக்குக் கீழே நெரிகட்டியது, காய்ச்சல் அடித்தது. அவளை வரிசைக்கு அனுப்பவும் பயம், வீட்டில் தனியே விடவும் பயம். சந்தனமாரி பிள்ளையைத் தன்னோடு ஒட்டிக்கொண்டே கிடந்தாள், ஒரே தலையணையில், நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு. “என்னளா, உன் மக தலைய எங்க கண்ணுலயே காட்ட மாட்டேங்க?” என்று செண்பகம் கேட்டபோது, “வீட்டுலயே பாத்துட்டேன் மதினி, ஒண்ணுமே இல்ல” என்றாள். சொல்லும்போதே ரூபிகா சொறிந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஜெசிந்தா மருந்தோடு வந்தார். பேன் பேசுவதைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. “பேசட்டும், ஆனா சாகணும்” என்றார். பள்ளிக்கூட மைதானத்தில் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். பேன் பறக்காது, தாவாது, தலையோடு தலை முட்டினால்தான் ஏறும். சுத்தமான தலை, அழுக்குத் தலை என்று அதற்கு வித்தியாசம் கிடையாது, அதனால் யாரும் வெட்கப்பட வேண்டாம், பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவும் வேண்டாம். முடியை நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உதறினால் விழுவது பொடுகு, முடியோடு ஒட்டிக்கொண்டு வர மறுப்பது ஈர். மருந்தைப் பத்து நிமிஷம் வைத்து அலச வேண்டும், பேன் சீப்பால் அடிமுடியிலிருந்து நுனி வரை சீவ வேண்டும், தப்பிய ஈர் பொரிந்து வரும் என்பதால் ஒன்பதாம் நாள் திரும்பவும் போட வேண்டும். மண்ணெண்ணெய் என்ற பேச்சே கூடாது.

“இன்னொண்ணு. வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா எல்லார் தலையையும் பாருங்க. பெரிய மனுஷிங்க தலையையும்தான்” என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, செண்பகத்தைத் தவிர.

கூட்டம் கலைந்தபோது ஜெசிந்தா ரூபிகாவின் பிடரியைப் பார்த்துவிட்டார். தொட்டுப் பார்த்தார். சந்தனமாரியை நிமிர்ந்து பார்த்தார். “புண்ணுக்கு இன்னைக்கே இந்த மாத்திரையக் கொடும்மா. நாளைக்கு மூணு மணிக்கு நானே வந்து தலைக்குப் போட்டு விடறேன். எல்லாரும் இருக்கிற இடத்துல, தொட்டியடியில. இதுக்கு மேல தள்ளக் கூடாது.”

மறுநாள் சந்தனமாரி பாத்தியில் வாருபலகையால் உப்பை இழுத்துக் கரையில் சேர்த்தாள். பஸ் ஏறி எங்காவது போய்விடலாமா என்று நினைத்தாள். எங்கே போனாலும் அந்தத் தலையும் கூடத்தானே வரும். மூன்று மணி ஆக அரை மணி இருக்கும்போது, நர்ஸ் வருவதற்குள் செண்பகத்தை எப்படியாவது அங்கிருந்து கிளப்பிவிடலாம் என்று, தொட்டியடிக்குப் போனாள். ரூபிகா கொஞ்சம் தள்ளிக் கல் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“மதினி, அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியலன்னு சொன்னீங்களே, வீட்டுக்குப் போகலையா?” என்றாள், செண்பகத்தின் புருஷனைச் சாக்கு வைத்து.

“அவருக்கு நல்லாத்தான் இருக்கு. நீ எதுக்குட்டி இப்பிடிச் சொறியுத?” என்றாள் செண்பகம். அப்போதுதான் சந்தனமாரிக்குத் தன் கை தன் தலையில் இருப்பது தெரிந்தது. “நர்சு சொன்னால்லா, பெரிய மனுஷிக தலையையும் பாக்கணும்னு. வா இங்க, குனி.” பெரிய கை பிடரியைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தது. சந்தனமாரி குனிந்தாள். பெரியவர்கள் பேன் பேசாது என்பது ஊருக்கே தெரியும்.

அந்தத் தெருவிலேயே நல்ல நகம் செண்பகத்துக்குத்தான். இரண்டு தரம் முடியைப் பிரித்தாள், ஒன்றைப் பிடித்தாள், நசுக்கினாள்.

ரூபிகாவின் குரல் வந்தது. நெற்றியோடு நெற்றி முட்டிப் படுத்த ஏதோ ஒரு நேரத்தில் மகள் தலையிலிருந்து தாய் தலைக்கு நடந்து வந்த பேன் அது. அது சொன்னது:

“அன்னைக்கு மாதிரி அம்மா கடல்ல சாவப் போவா. அடுத்த தடவ என்னைய விட்டுட்டுத் தனியாப் போயிருவா.”

ஒரு மூச்சு நேரம் ஆனது. இரண்டு மூச்சு ஆனது. யாரும் “கேட்டாச்சு” என்று சொல்லவில்லை. கல் விளையாடிக்கொண்டிருந்த ரூபிகா கையில் பிடித்த கல்லோடு அப்படியே நின்றாள்.

சந்தனமாரி குனிந்தது குனிந்தபடியே கிடந்தாள். அவள் இத்தனை நாள் காதைப் பொத்திக்கொண்டு ஓடியது வேறொரு வாக்கியத்துக்குப் பயந்து. அம்மாவின் கை தன்னைக் கடலுக்கு இழுத்துப் போகும் என்று பிள்ளை பயப்படுகிறது என்றுதான் நினைத்திருந்தாள். பிள்ளை பயந்தது அந்தக் கை விட்டுவிடும் என்று. ஐந்து வயதில் எல்லாம் தெரிந்திருக்கிறது, கப்பல் இல்லை என்று தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டு இரண்டு வருஷமாகத் தூக்கத்திலும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. சந்தனமாரிக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது, முன்னைவிடப் பெரிய பயம்.

“எப்பட்டி?” என்றாள் செண்பகம். அவள் கை இன்னும் பிடரியில் இருந்தது.

“பச்சப்பிள்ள போனதுக்கு அப்புறம். ஆடியில.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“ஒங்கட்டச் சொல்லத்தான் பயம் மதினி. பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவீங்கன்னு.”

கட்டிலும் மெத்தையும் கொசுவலையும் செண்பகத்தின் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும். இப்போது யாரும் தடுக்க மாட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் தெரு எழுந்து வழிவிடும். ஆனால் அந்தக் குரலை அவளும் கேட்டுவிட்டாள். தாயிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் அந்தப் பிள்ளையின் பயத்தை அவளே நடத்தி முடித்தவளாவாள். அவள் நகத்தை முந்தானையில் துடைத்தாள்.

“தூக்கிட்டுத்தான் போயிருப்பேன்” என்றாள். “நல்லவேள, இது சொல்லிட்டு.” பிறகு திரும்பி, “ஏ ரூபி, இங்க வா. அம்மா முன்னால உக்காரு” என்றாள். “மாரி, ஜெசிந்தா வரட்டும், மருந்து போடட்டும். அதுக்கு முந்தி ஒண்ணு ரெண்டு நீயே பாரு. எல்லாரும் இருக்கோம். நான் ஒம் பின்னாலதான் இருக்கேன்.”

ரூபிகா வந்து உட்கார்ந்தாள். அவள் கழுத்து விறைத்திருந்தது. ஐம்பத்திரண்டு நாளில் முதல்முறையாகச் சந்தனமாரி மகளின் முடியை வெயில் வெளிச்சத்தில் பிரித்தாள், காதுக்குப் பின்னால் ஒன்றைப் பிடித்தாள், நகத்தில் வைத்தாள். இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் அழுத்தினாள். பேன் அதே வாக்கியத்தைச் சொன்னது. “கேட்டாச்சு” என்றாள் உலகம்மாள், மெதுவாக. அடுத்ததும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றும் தன் மகளின் குரலில் தன் முகத்துக்கு நேரே சொன்னபோது ஓடிவிடலாம் போலிருந்தது. பின்னால் செண்பகத்தின் முழங்கால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

“போகமாட்டேன்” என்றாள் சந்தனமாரி.

ரூபிகா திரும்பினாள். இந்தத் தடவை பேசியது பேன் இல்லை, அவள்தான். “சத்தியமா?”

அந்தப் பன்னிரண்டாம் நாள் தான் என்ன நினைத்துக்கொண்டு நடந்தாள் என்று இன்றைக்கும் சந்தனமாரிக்குத் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் எப்படிச் சத்தியம் செய்வது? வரிசை முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எனக்கு அப்பிடித் தோணுச்சுன்னா,” என்றாள், “அந்த நிமிசமே ஒங்க அத்த வீட்டுக் கதவத் தட்டுவேன். இது சத்தியம்.”

“எந்நேரம்னாலும் தட்டு” என்றாள் செண்பகம் பின்னாலிருந்து. “தொறக்கலன்னா ஒடச்சிட்டு வா.”

ரூபிகா தலையைத் திரும்பவும் தாயின் முழங்காலுக்கு நடுவில் கொடுத்தாள். தெருமுனையில் நர்ஸின் ஸ்கூட்டி திரும்புகிற சத்தம் கேட்டது. சந்தனமாரி அடுத்த பேனை நகத்தில் வைத்து, கண்ணை மூடாமல், அழுத்தினாள்.

“அடுத்த தடவ என்னைய விட்டுட்டுத் தனியாப் போயிருவா” என்றது அது.

“அதான் அம்மா அத்த வீட்டுக் கதவத் தட்டுவேன்னு சொல்லிருக்கால்லா,” என்றாள் ரூபிகா அந்தப் பேனிடம், “சும்மா கெட.”